முகமும் சான்றும்: தீவகத்தின் துயர நினைவிற் புகைப்படம்

1985ஆம் ஆண்டு மே மாதம் 15ஆந் திகதி காலை நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானை நோக்கிப் புறப்பட்ட குமுதினிப் படகு நடுக்கடலில் மறிக்கப்பட்டதையும், அதிற் பயணஞ்செய்த ஆணும் பெண்ணும் குழந்தையும் வெட்டியும் குத்தியும் கொல்லப்பட்டதையும் தீவகத்தார் மறந்தாரல்லர். கொல்லப்பட்டோர் குறைந்தது 23 பேர் எனச் சர்வதேச மன்னிப்புச் சபை கூறியது. ஊரார் நினைவுகூரும்போது 36 என்ற தொகையே வழங்குகிறது. வந்தவர்கள் கடற்படையினரே என்பது உயிர்தப்பியோர் சாட்சியம். படகின் உட்புறத்தில் இருத்தப்பட்ட பயணிகள் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்பட்டனர் என்றும் அவர்கள் கூறினர். எவரும் தண்டிக்கப்படவில்லை.

கொலை நிகழ்ந்த அந்நேரத்தைப் பதிந்த படம் எதுவும் நம்மிடையே வழங்கவில்லை. ஆயினும் ஆண்டுதோறும் மே மாதம் வந்ததும் பத்திரிகைப் பக்கங்களிலும் அஞ்சலி மேடைகளிலும் படங்கள் தோன்றுகின்றன. இலக்கியப் பனுவலொன்றை அணுகுவதுபோல இப்படங்களையும் அணுகி, அவை எவ்வாறு பொருள் தருகின்றன, எவ்விடத்து நெஞ்சைத் தொடுகின்றன, எவ்விடத்து நம்மை ஏமாற்றுகின்றன என நோக்குவது பயனுடைத்து. துயரத்தை நினைவுகூர்வதிற் படத்தின் வலிமை பெரிது என்பதை எவரும் மறுக்கப்போவதில்லை. எந்தப் படத்தின் வலிமை என்பதே வினா.

குமுதினி நிகழ்வைப் பொறுத்தவரை அடிக்கடி அச்சேறுவது படகின் படமாகும். கரையோரம் நிற்கும் சாதாரணப் பயணிகள் படகு ஒன்று, இரத்தமில்லை, பிணமில்லை. தீவகத்தை அறியாதவர் அப்படத்தைப் பார்த்தால் போக்குவரத்து வசதி பற்றிய செய்திக்கு இடப்பட்ட படமென்றே கொள்வர். நெடுந்தீவாருக்கோ அப்படி அன்று. படகு பழுதுபார்க்கப்பட்டு, அதே பெயருடன் அதே கடல்வழியிற் பல்லாண்டுகள் மீண்டும் ஓடியது. வைத்தியசாலைக்கும் கச்சேரிக்கும் சந்தைக்கும் செல்லவேண்டியவர்கள் அதிலேயே ஏறி இறங்கினர். உள்ளே இறங்கும் வழி எது, இருக்கை எது என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். படத்திற் காணப்படாத உட்புறத்தையே அவர்கள் படத்திற் பார்க்கின்றனர்.

இவ்விடத்துப் பெயர் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நிலத்தில் நடக்கும் கொலைகள் ஊர்ப்பெயரால் வழங்குகின்றன. கடலுக்கு ஊர்ப்பெயர் இல்லை. ஆகையாற் படகு தன் பெயரைக் கொடுத்தது. கொன்றவர் பெயரும் கொல்லப்பட்டவர் பெயரும் மறைய, ஒரு பெண்பெயர் தாங்கிய படகின் பெயரால் அத்துயரம் நிலைபெற்றுவிட்டது. இதனாற் படகின் படமே துயரத்தின் முகமாகவும் ஆயிற்று. அதன் வலிமை முழுவதும் பார்ப்பவர் ஏற்கெனவே அறிந்திருப்பதிலிருந்து பிறக்கிறது. அவ்வறிவு அற்றுப்போகும் நாளில் அது வெறும் படகுப் படமே.

இதற்கு நேர்மாறானது உடல்களின் படம். அதற்கு முன்னறிவு வேண்டியதில்லை, மொழியும் வேண்டியதில்லை. பார்த்த கணத்திலேயே தாக்கும். 2006 மே 13ஆந் திகதி இரவு அல்லைப்பிட்டியிலும் புளியங்கூடலிலும் வேலணை வங்களாவடியிலும் 13 பேர் சுட்டுக்கொல்லப்பட்டனர். கைக்குழந்தையொன்றும் நான்கு வயதுப் பிள்ளையொன்றும் அவர்களுள் அடங்குவர். குமுதினிக் காலத்தில் இல்லாத இணையமும் இலக்கமுறைக் கமராவும் அப்போது வந்துவிட்டன. படங்கள் கடல்கடந்து விரைந்தன. புலம்பெயர்ந்த நாடுகளில் வாழ்ந்த தீவகத்தார், உறவினர் கடிதம் வருமுன்னரே தம்மூர்ப் பிள்ளைகளின் உடல்களைக் கணினித் திரையிற் கண்டனர். அப்படங்கள் இல்லையெனின், தீவுகளில் நடந்தது தீவுகளுடனேயே அமிழ்ந்திருக்கக்கூடும். சான்று என்ற வகையில் அவற்றின் பணி ஐயத்திற்கிடமற்றது.

ஆனாற் சான்றுக்கும் நினைவுக்கும் இடையில் வேறுபாடு உண்டு. அதனை விளங்கிக்கொள்ளத் தீவகத்திற்கு வெளியே, கொழும்புக்குச் செல்லவேண்டியிருக்கிறது. 1983 ஜூலையிற் பொரளைப் பேருந்து நிலையத்தருகே சந்திரகுப்த அமரசிங்க என்ற சிங்களப் புகைப்படப்பிடிப்பாளர் எடுத்த படம் அனைவரும் அறிந்தது. ஆடை களையப்பட்ட தமிழர் ஒருவர் குனிந்து அமர்ந்திருக்கிறார். சூழ நிற்கும் இளைஞர் முகங்களிற் சிரிப்பு. கறுப்பு ஜூலை என்றதும் நம் மனக்கண்ணில் வருவது அப்படமே. அதனை எடுத்தவரின் துணிவு போற்றத்தக்கது. எனினும் அப்படத்தை நிதானித்துப் பார்த்தால் ஓருண்மை புலப்படும். அப்படத்தின் மெய்யான பொருள் அந்தச் சிரிப்பு. கொல்லப்படவிருப்பவரைப் பற்றி அது நமக்கு எதுவும் சொல்வதில்லை. அவர் பெயரைக்கூடச் சொல்வதில்லை. சிரித்தவர்களைப் பற்றி அது எல்லாவற்றையும் சொல்கிறது. ஆகவே அது குற்றப்பத்திரம். அஞ்சலிப் படம் ஆகமாட்டாது. ஒவ்வோராண்டும் மாலை தொங்கும் மேடையிலும் சுவரொட்டியிலும் அதனை நாம் பெரிதாக்கி வைக்கும்போது, அம்மனிதர் தம் வாழ்வின் இழிவுமிக்க கணத்திலேயே மறுபடியும் மறுபடியும் அமர்த்தப்படுகிறார். அவருடைய தாயோ தமக்கையோ அவரை அக்கோலத்தில் நினைவுகூர விரும்பியிருப்பார்களா? வரலாற்று நூலிலும் நீதிமன்றிலும் அப்படம் இருக்கவேண்டும். அஞ்சலி மேடையில் அதற்கு இடமில்லை என்பதே என் கருத்து.

கொடுமையின் படங்கள் மிகுந்தால் உணர்வு மரத்துப்போகும் என்று சூசன் சொன்டாக் 1977இல் வெளிவந்த தமது நூலில் வாதிட்டார். 2003இல் எழுதிய மற்றொரு நூலில் அக்கருத்தை அவரே ஐயுற்றார். அவருடைய முதற் கருத்தைவிட இரண்டாவதே நம் அனுபவத்திற்கு நெருக்கமானது. அல்லைப்பிட்டிப் படங்களைப் பார்த்துத் தீவகத்தார் எவரும் மரத்துப்போகவில்லை. நேர்ந்தது வேறு. உடல்களின் படத்தில் ஒரு கொலையின் உடலும் இன்னொரு கொலையின் உடலும் ஒன்றுபோலத் தோற்றும். அதனாற் படங்கள் இடம்மாறுகின்றன. ஒரு நிகழ்வின் படம் இன்னொரு நிகழ்வின் கட்டுரையில் ஏறுகிறது. யாருடைய பிள்ளை என்பது அழிந்து, எத்தனை பேர் என்பது மட்டும் எஞ்சுகிறது. இத்தகைய கவனக்குறைவு நிகழ்வையே மறுக்க விழைபவர்களுக்கு நாமே கொடுக்கும் ஆயுதம் என்பதையும் மறத்தலாகாது.

அங்ஙனமாயின் நினைவைத் தாங்கும் படம் எது? இவ்வினாவுக்கு நம் மரபுக்குள்ளேயே விடை தேடலாம். இறந்தோருக்கு உருவமும் எழுத்தும் சேர்த்து நிலைபேறு தரும் வழக்கம் தமிழர்க்குப் புதியதன்று. நடுகல் நாட்டும் முறையின் படிகளைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. கல்லில் உருவம் வேண்டும்; பெயர் வேண்டும்; அவன் செய்த செயலும் வேண்டும். ஆனால் நடுகல் போரில் வீழ்ந்த வீரனுக்கு உரியது. கையறுநிலை பெரும்பாலும் மன்னனையும் வள்ளலையும் இழந்த புலவனுடையது. படகேறிச் சந்தைக்குப் போன பெண்ணுக்கும் தாய்மடியிற் கிடந்த ஏழு மாதக் குழந்தைக்கும் அம்மரபில் வடிவமில்லை. அவர்கள் போர் செய்யவில்லை, கொடை வழங்கவில்லை, வாழ்ந்தார்கள், அவ்வளவே. வெறுமனே வாழ்ந்தவரை நினைவுகூரும் வடிவம் ஒப்பாரியாகப் பெண்கள் வாயில் மட்டும் இருந்தது. அது காற்றோடு போயிற்று.

யாழ்ப்பாணத்தாரின் ‘கல்வெட்டு’ இக்குறையை நிரப்பியது. அந்தியேட்டியன்று வழங்கப்படும் இந்நினைவு மலரை நம் விமர்சகர்கள் பொதுவாகப் பொருட்படுத்துவதில்லை. திதி வெண்பா, மனைவி புலம்பல், மக்கள் புலம்பல், நன்றி நவிலல் என வரும் அதன் பாகங்களிற் கவித்துவம் குறைவு என்பது உண்மையே. ஒரே புலவர் பத்து வீடுகளுக்குப் பெயரை மட்டும் மாற்றி எழுதிய புலம்பல்களும் உண்டு. ஆனாற் கல்வெட்டை உயிர்ப்பிப்பது செய்யுளன்று, முதற்பக்கத்துப் படம். வீரனல்லாத, வள்ளலல்லாத ஒருவரின் முகத்தைப் பெயரோடும் பிறந்த இறந்த திகதிகளோடும் ஊரோடும் சேர்த்து அச்சிடும் அப்பக்கம், பெயரிலேயே கல்லைத் தாங்கிநிற்கும் கடதாசி நடுகல் எனலாம்.

இனி அப்படம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். இறந்த பின் நினைவுக்கென எடுத்த படமன்று அது. வேறொரு தேவைக்காக எடுக்கப்பட்டது. கலியாணப் பேச்சுக்கு அனுப்ப ஸ்ரூடியோவிற் கைகட்டி நின்று எடுத்தது, பள்ளிக்கூடக் குழுப்படத்தின் மூன்றாம் வரிசையிலிருந்து வெட்டியெடுத்தது, கடவுச்சீட்டுக்கு எடுத்தது, எல்லாவற்றினும் மேலாக அடையாள அட்டைக்கு எடுத்தது. தலையை மட்டும் எடுத்து வேறொருவர் கோட்டின்மேல் ஒட்டி, கழுத்துப்பட்டியையும் தூரிகையால் வரைந்து கொடுத்த ஸ்ரூடியோக்காரர்களை இன்றைய இளைஞர் எள்ளிநகையாடுவர். வாழ்நாளிற் கோட்டே அணியாத தோணிக்காரர் கோட்டோடு சுவரிலிருப்பது பொய்தான். இருந்தும் அப்பொய்யில் ஒரு மரியாதை உண்டு. கணினியில் தாமரையும் முகிலும் சேர்த்து இன்று செய்யப்படும் அலங்காரத்தில் எனக்கு அம்மரியாதை தென்படவில்லை.

பிரெஞ்சு விமர்சகர் ரோலன் பார்த், தாயை இழந்தபின் எழுதி 1980இல் வெளியிட்ட புகைப்படம் பற்றிய நூலில் இதனையொத்த அனுபவமொன்றைப் பேசுகிறார். தாயின் படங்களைத் தேடியவருக்கு, அவரைத் தாமறிந்த முதுமைக்காலப் படங்கள் எதுவும் அவராகத் தோன்றவில்லை. ஐந்து வயதுச் சிறுமியாகத் தாய் நிற்கும் பழைய படமொன்றிலேயே அவர் தம் தாயைக் கண்டடைந்தார். அப்படத்தை நூலில் அவர் அச்சிடவில்லை. பிறருக்கு அது யாரோ ஒரு சிறுமியின் படமாகவே இருக்கும் என்பது அவர் கூறிய காரணம். மரணதண்டனையை எதிர்நோக்கியிருந்த இளைஞன் ஒருவனின் 1865ஆம் ஆண்டுப் படத்தை அவர் அச்சிட்டு, அவன் இறக்கப்போகிறான் என்பதும் இறந்துவிட்டான் என்பதும் ஒரே வேளையில் நம்மைக் குத்துவதை விளக்குகிறார். அவ்விளைஞனுக்குத் தன் முடிவு தெரியும். நம் தீவகத்துப் படங்களில் உள்ளவர்களுக்கு அது தெரியாது. கமராக்காரர் நிமிர்ந்து பார்க்கச் சொன்னார், நிமிர்ந்து பார்த்தார்கள். படத்தில் இருப்பவர் அறியாததைப் பார்க்கும் நாம் அறிந்திருக்கிறோம். நெஞ்சைப் பிழிவது இவ்விடைவெளியே என்பது என் துணிபு. கொலைக்களப் படத்தில் இவ்விடைவெளி இல்லை. ஆங்கு எல்லாம் முடிந்துவிட்டது.

அடையாள அட்டைப் படத்தில் இன்னுமோர் அம்சமும் உண்டு. இலங்கையில் 1972இலிருந்து வழங்கப்பட்டுவரும் தேசிய அடையாள அட்டை, போர்க்காலத்திற் சோதனைச் சாவடிதோறும் நீட்டவேண்டிய உயிர்ச்சீட்டாயிற்று. நேராகப் பார்க்கும் முகம், புன்னகையில்லை, பின்னணியில்லை. அரசு தன் குடிகளை இனங்காணத் தேர்ந்த பார்வை அது. அதே படத்தைப் பெரிதாக்கி, அதே அரசை நோக்கி, இவரை எங்கே என்று தாய்மார் கேட்கத் தொடங்கியபோது பார்வையின் திசை மாறிற்று. ஆர்ஜென்ரீனாவின் தலைநகரில் மே சதுக்கத்தில் 1977இலிருந்து கூடிய தாய்மாரும் இத்தகைய சிறு படங்களையே ஏந்தினர். தெற்கிலே ஜனதா விமுக்தி பெரமுனையின் இரண்டாம் கிளர்ச்சிக் காலத்திற் பிள்ளைகளைப் பறிகொடுத்த சிங்களத் தாய்மாரும் அவ்வாறே செய்தனர். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிலே தொடங்கிய தொடர்போராட்டத்திலும் மேலெழுந்தது அப்படமே. ஒருவரையொருவர் கண்டிராதவர்கள் ஒரே வடிவத்தைக் கண்டடைந்தமைக்குக் காரணம் எளியது. அவர்கள் கையில் எஞ்சியிருந்த படம் அதுதான்.

தீவகத்திலும் இத்தகையோர் உளர். 1990 ஆகஸ்ட்டில் இராணுவம் தீவகத்தில் இறங்கிய வேளை மண்டைதீவிலும் அல்லைப்பிட்டியிலும் பிடித்துச் செல்லப்பட்ட இளைஞர் பலர் திரும்பவில்லை. 2006 ஆகஸ்ட் 20ஆந் திகதி அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளாரும் உடன்சென்றவரும் காணாமற்போயினர். காணாமற்போனவரின் படத்திற்கு இலக்கணமே வேறு. நம் வீடுகளில் இறந்தவர் படம் எதுவென்று சொல்லித் தெரியவேண்டியதில்லை. மாலையும் நெற்றியிற் பொட்டும் முன்னே விளக்கும் அதனை உணர்த்திவிடும். படம் சுவரேறிவிட்டால் ஆள் போய்விட்டார் என்பது பொருள். காணாமற்போனவரின் படத்திற்குப் பல தாய்மார் மாலையிட மறுக்கின்றனர். விளக்கேற்றினால் இறந்தார் என ஒப்புக்கொண்டதாகிவிடும். ஆகையால் அது சுவருக்குப் போவதில்லை. கைப்பையில் இருக்கிறது, மார்போடு அணைக்கப்படுகிறது, ஆணைக்குழு முன் நீட்டப்படுகிறது. இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணப்படாமைச் சான்றிதழ் வழங்க 2016இற் சட்டம் வழிசெய்தது. அத்தாள் கூறமுயலும் நிலையை, மாலையில்லாத அப்படம் பல ஆண்டுகளுக்கு முன்பே கூறிவிட்டது. கலைநயம் சிறிதுமற்ற அப்படத்தை நம் காலத்தின் தலையாய துயரக் கலைவடிவம் எனக் கூற நான் தயங்கமாட்டேன்.

இவ்வளவும் படம் எஞ்சியிருந்தாற்றான். 1990, 1991ஆம் ஆண்டுகளில் தீவகத்தாரிற் பெரும்பாலானோர் இடம்பெயர்ந்தனர். வலிகாமத்தில் ஒதுங்கியவர்கள் 1995 ஒக்ரோபர் 30இல் மீண்டும் பெயர்ந்தனர். வன்னிக்குச் சென்றவர்களுக்கு 2009 வந்தது. முதலாம் ஓட்டத்தில் உறுதியும் நகையும் எடுத்தனர்; அல்பம் பாரமென்று விட்டனர். எடுத்துச் சென்றவையும் மழையிலும் பதுங்குகுழி ஈரத்திலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போயின. இன்று பல குடும்பங்களுக்குக் கிடைப்பது சுவிசுக்கோ பாரிசுக்கோ கனடாவுக்கோ கடிதத்துடன் அனுப்பிய பிரதியே. வீட்டிலிருந்தது அழிந்தது; அனுப்பியது தப்பியது.

படமே இல்லாதவர் என் செய்வர்? ஓவியர் தா. சனாதனன் 2011இல் வெளியிட்ட ‘முற்றுப்பெறாத தோம்பு’ இவ்விடத்து நினைக்கத்தக்கது. இடம்பெயர்ந்தோர் தாம் இழந்த வீட்டின் தரைப்படத்தை ஞாபகத்திலிருந்து வரைந்தனர். கோடுகள் கோணலாயினும் கிணறும் மாமரமும் சாமியறையும் தத்தம் இடத்தில் இருந்தன. வீட்டை அவ்வாறு வரையலாம். முகத்தை வரைய முடியாது. தம்பியின் முகம் எப்படியிருந்தது என்று கேட்டால், பெரியவனைப்போல, ஆனால் நிறம் குறைவு என்பதற்குமேற் சொல் வராது.

குறிகட்டுவான் இறங்குதுறையில் இன்று நிற்போர் கையிலெல்லாம் கமரா இருக்கிறது. நயினை நாகபூசணி அம்மனைத் தரிசிக்கச் செல்வோரும், நாகவிகாரைக்குச் செல்லும் சிங்கள யாத்திரிகரும், நெடுந்தீவின் குதிரைகளைக் காண விரும்புவோரும் கடலைப் பின்னணியாகக் கொண்டு படமெடுக்கின்றனர். அவர்களைக் குறைசொல்வதற்கில்லை; கடல் அழகியதுதான். படத்திற்குத் தன் பொருளைத் தானே சொல்லும் ஆற்றல் இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அதே கடலும் அதே துறையும் அப்படங்களில் இருக்கின்றன. 1985 அவற்றில் இல்லை.

ஆதலாற் படத்தோடு சொல்லும் சேரவேண்டியிருக்கிறது. நூலகம் நிறுவனத்தினர் நினைவு மலர்களையும் தேடி எண்ணிம வடிவிற் பேணிவருவது பெரும்பணி. அதனைப் பல்கலைக்கழகத்தார் துணைப்பணியாக மதிப்பது வருந்தத்தக்கது. தீவகத்து மாணவர் ஒவ்வொருவர் வீட்டிலும் அரிசிப்பெட்டிக்குள்ளோ புத்தகத்திடையிலோ ஒரு படமேனும் இருக்கும். முகத்தை அறிந்தவர் இன்னும் சிலர் உளர், அவர்களும் முதியோர். 1990இற் காணாமற்போன மகன் படத்தில் இன்றும் இருபது வயதினன். அவன் தாய் இப்போது அவனுடைய பாட்டிபோலத் தோன்றுகிறாள். அப்படத்தைத் திருப்பிப் பார்த்தால் ஸ்ரூடியோவின் முத்திரை மங்கலாகத் தெரியும். அதன் கீழே, பெயரும் ஊரும் எழுதவேண்டிய இடம் பெரும்பாலும் வெறுமையாகவே கிடக்கிறது. வீட்டிலுள்ளவர்களுக்கு அப்போது அதற்கு அவசியம் இருக்கவில்லை.